பேர் விழாத ஆட்டக்காரர்

விளையாட்டு இலக்கியத் திறனாய்வின் எல்லைக்குள் வரத்தக்கதா என்ற ஐயம் நம்மிடையே நெடுங்காலமாக இருந்து வருகிறது. உழைப்பைப் பற்றி எழுதலாம்; உழைப்பவனின் பசியைப் பற்றி எழுதலாம்; அவனது காதலையும் சாவையும் பற்றி எழுதலாம். ஆனால் அவன் மாலைப்பொழுதில் பந்தொன்றை உதைத்தான் என்பதில் எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்று கேட்போர் உளர். மேலோட்டமாக நோக்குமிடத்து இக்கேள்வி நியாயமானதாகவே தோன்றும். எனினும், பதுளையையும் அதனைச் சூழ்ந்த ஊவாத் தோட்டங்களையும் மனங்கொண்டு சிந்திப்போமாயின், இக்கேள்விக்குள் ஒரு சமூகத் தீர்ப்பு ஒளிந்திருப்பது புலனாகும். தோட்டத் தொழிலாளிக்கு உழைக்கும் உடம்பு மட்டுமே உண்டு, ஆடும் உடம்பு இல்லை என்பதே அத்தீர்ப்பு. துரைமார் அதனை வழங்கியதில் வியப்பில்லை. தொழிலாளிக்காகப் பேசப் புகுந்த எழுத்தும் தன்னையறியாமலே அதனை ஏற்றுக்கொண்டதா என்பதுதான் இங்கு ஆராயத்தக்கது.

ஏதேனும் ஒரு பழைய கல்லூரியின் ஆண்டுமலரைப் புரட்டிப் பார்த்தால், அதிலே 'இவ்வாண்டின் பருவம்' என்ற தலைப்பிலோ அதனையொத்த தலைப்பிலோ ஒரு குறிப்பு இருக்கும். அணித்தலைவன் யார், எந்தெந்தக் கல்லூரிகளோடு ஆடினர், எங்கு வென்றனர், எங்குத் தோற்றனர், யார் காயமுற்றார், யாருடைய ஆட்டம் நினைவில் நிற்கத்தக்கது என்ற விவரங்கள் வரிசையாக அதில் அமைந்திருக்கும். எழுத்து என்ற அளவில் அது எளிமையானது; சில வேளைகளில் சலிப்பூட்டுவது. ஆயினும் அவ்வெளிய குறிப்பு உருவாவதற்கு மூன்று பொருள்கள் முன்னரே இருந்தாக வேண்டும். பயிற்சிக்கும் ஆட்டத்துக்கும் நேரம் வேண்டும். ஆடுவதற்கு நிலம் வேண்டும். ஆடியவர்களைப் பெயர் சொல்லிப் பதியும் ஏடு வேண்டும். இம்மூன்றும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கப் பெற்றவர்க்கு அவை காற்றும் நீரும் போல இயல்பானவை. கிட்டாதவர்க்கோ அவை ஒரு வர்க்கத்தின் சொத்து.

முதலில் நேரத்தை எடுத்துக்கொள்வோம். ஊவாவிலே 'பருவம்' என்ற சொல் ஆட்டக்காரனுக்கு உரியதன்று. அது தேயிலைக்கு உரியது. ஆண்டின் நடுப்பகுதியில் தென்மேற்குக் காற்று மத்திய மலைத்தொடரின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, வறண்ட கச்சானாக ஊவாவின் கிழக்குச் சரிவுகளில் இறங்குகிறது. ஜூலை முதல் செப்டெம்பர் வரையான அக்காலத்தில் கொழுந்தின் வளர்ச்சி தளரும். ஆனால் அதன் மணம் உச்சத்தை அடையும். உலகத் தேயிலை வணிகர்கள் 'ஊவாப் பருவம்' என்று போற்றுவது இதனைத்தான். இப்பருவத்துக்கு முன்னும் பின்னும் மழையோடு கொழுந்து பெருகும் மாதங்கள் வேறு. கவ்வாத்துக்கு ஒரு காலம், முள்ளுக்குத்துக்கு ஒரு காலம், உரத்துக்கு ஒரு காலம். ஆண்டு முழுவதும் செடிக்காகவே பங்கிடப்பட்டுள்ளது. விடியற்காலைப் பிரட்டுக்களம் தொடக்கம் மாலை நிறுவை வரை மனிதனின் நாளும் அச்செடியின் நாளாகவே கழிந்தது. இத்தகைய நாட்காட்டியில் மனிதனுக்கென்று ஒரு பருவத்தை எங்கே செருகுவது?

நிலத்தின் நிலையும் இத்தகையதே. மலைநாட்டில் விளையாட்டு இல்லாமற் போனதில்லை; அது ஏராளமாகவே இருந்தது. இலங்கையில் றக்பி ஆட்டம் 1879ஆம் ஆண்டளவில் கொழும்பில் ஆங்கிலேயரிடையே தொடங்கிற்று. கண்டி கிங்ஸ்வூட் கல்லூரியில் அதன் நிறுவுநர் எல். ஈ. பிளேஸ் 1891இல் அதனை மாணவர்க்கு அறிமுகப்படுத்தினார். 1906இல் கிங்ஸ்வூட்டும் திரித்துவக் கல்லூரியும் மோதிய முதலாவது பாடசாலைப் போட்டி ஆறுக்கு ஆறு என்ற கணக்கில் சமநிலையில் முடிந்தது. இவையனைத்தும் ஆண்டும் புள்ளியும் தவறாமல் பதிவாகியுள்ளன. தோட்டத் துரைமாரின் கழகங்கள் மலைநாட்டின் மாவட்டந்தோறும் எழுந்தன. டிம்புல, டிக்கோயா, ஊவா எனத் தேயிலை மாவட்டங்களின் பெயராலேயே றக்பி அணிகள் அமைந்தன. இங்கே ஒரு சொல்லின் விதி கவனிக்கத்தக்கது. 'ஊவா அணி' என்ற தொடரில் ஊவா இருந்தது. ஆனால் ஊவாவின் மிகப்பெரும் தொழிற்படையான தமிழ்த் தொழிலாளர் அதில் இல்லை. செங்குத்தான சரிவுகளை யாரை வைத்துத் தேயிலைக் காடாக்கினரோ, அவர்களுடைய உழைப்பின் உபரியே சமதரையான புல்வெளிக்கும் கழகக் கட்டடத்துக்கும் விலை கொடுத்தது. ஒரு மலைச்சரிவில் சமதரை என்பது இயற்கை தருவதன்று. அது வெட்டி நிரவப்பட வேண்டியது. மண்ணை நிரவியவன் யார், அதன்மீது ஆடியவன் யார் என்று கேட்பதே இங்கு திறனாய்வின் தொடக்கமாகும்.

இம்முரண்பாட்டை மேலும் கூர்மையாகக் காட்டும் நிகழ்ச்சிகள் இரண்டு ஊவாவின் வரலாற்றிலேயே உள. தென்னாபிரிக்கப் போரிற் பிடிபட்ட போயர் கைதிகள் ஆயிரக்கணக்கில் 1900ஆம் ஆண்டு முதல் தியத்தலாவையில் முள்வேலிக்குள் வைக்கப்பட்டனர். அவர்களிடையே ஒரு கிரிக்கெட் அணி அமைந்தது. 1901 ஜூலையில் அவ்வணி கொழும்பு சென்று கோல்ட்ஸ் கழகத்தோடு ஆடியது. அதன் தலைவர் டி வில்லியர்ஸ் என்பது இன்றும் கிரிக்கெட் வரலாற்றேடுகளில் உண்டு. பேரரசை எதிர்த்துத் துப்பாக்கி தூக்கிய கைதிக்கும் ஓர் ஆட்டமும் ஒரு பதிவும் கிடைத்தன. அதே ஆண்டில், அதே மலைகளில், அதே பேரரசுக்காகக் கொழுந்து பறித்தவரின் பெயர் செக்ரோலில் இருந்தது.

மற்றொன்று இதனினும் விந்தையானது. அப்புத்தளைக்கு அருகிலுள்ள தம்பேதென்ன தோட்டத்தைத் தோமஸ் லிப்டன் 1890இல் வாங்கினார். அதன் தேயிலை அவரது பெயரை உலகெங்கும் கொண்டு சென்றது. செல்வமும் 'சர்' பட்டமும் பெற்ற அவர் விளையாட்டுக்குக் கிண்ணங்கள் வழங்குவதில் பெருவிருப்பம் கொண்டிருந்தார். இத்தாலியின் தூரின் நகரில் 1909இல் அவர் பெயரால் நடைபெற்ற பன்னாட்டு உதைபந்தாட்டப் போட்டியில் வென்றவர்கள் யார்? வட இங்கிலாந்தின் வெஸ்ட் ஓக்லண்ட் என்ற சிற்றூரின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்! 1911இல் அவர்களே மீண்டும் சென்று யுவென்டஸ் அணியை ஆறுக்கு ஒன்று என்ற கணக்கில் வீழ்த்திக் கிண்ணத்தை நிலையாகப் பெற்றனர். உலகக் கிண்ணப் போட்டிகள் தொடங்குமுன்னரே உலகக் கிண்ணம் வென்ற தொழிலாளர் என்று அவ்வூரார் இன்றும் பெருமை பேசுகின்றனர். அப்பெருமை நியாயமானது, தொழிலாளியின் வெற்றியைக் கண்டு நாம் மகிழவே செய்வோம். ஆயினும் அக்கிண்ணத்தை வழங்கிய செல்வத்திலே தம்பேதென்னையின் கொழுந்தும் கலந்திருந்தது என்ற உண்மையை யாரேனும் அதன் அடிப்பீடத்தில் பொறித்தனரா? சுரங்கத் தொழிலாளியின் கைக்குக் கிண்ணம் வந்தது. தேயிலைத் தொழிலாளியின் கை அக்கிண்ணத்தின் உள்ளே மறைந்து போயிற்று.

இனி, பேர். தோட்டத்து வழக்கிலே இச்சொல்லுக்கு ஒரு தனிப்பொருள் உண்டு. ஒரு நாள் வேலை முழுமையாகக் கணக்கில் ஏறினால் 'பேர் விழுந்தது' என்பர், குறைந்தால் 'அரைப்பேர்'. கணக்கப்பிள்ளை செக்ரோலில் இடும் குறியே ஒருவன் அன்று இருந்தான் என்பதற்குச் சான்று. மனிதனின் பெயரே கூலியின் அலகாகிவிட்ட ஒரு மொழிவழக்கை உலகின் வேறு எந்தத் தொழிற்களத்திலும் எளிதிற் காணவியலாது. கல்லூரி மலரிலே பேர் விழுவது நினைவுக்காக. செக்ரோலிலே பேர் விழுவது கழிவுபோகக் கணக்குத் தீர்ப்பதற்காக. முன்னையது ஆண்டுகள் கழிந்தும் நூலகத்தில் இருக்கும். பின்னையது மாதக் கடைசியில் தன் கடமையை முடித்துக்கொள்ளும்.

தோட்டப் பிள்ளைக்கு ஏன் கல்லூரி அணி வாய்க்கவில்லை என்பதற்கு மிக எளிய காரணமொன்றும் உண்டு. 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் தோட்டப் பிள்ளைகளுக்குக் கல்வி வழங்கும் பொறுப்பைத் தோட்ட நிர்வாகத்தின்மீது சுமத்திற்று. நடைமுறையில் அது பெரும்பாலும் ஓராசிரியரும் ஓரறையும் கொண்டு, தொடக்க வகுப்புகளோடு முடிந்துபோகும் பள்ளியாகவே அமைந்தது. கல்லூரி அணியொன்றுக்குப் பதினைந்து, பதினாறு, பதினேழு வயது இளைஞர் வேண்டும். தோட்டத்திலே அவ்வயது, செக்ரோலில் பேர் பதியும் வயது. பெண்பிள்ளையின் நிலை இதனினும் கடுமையானது. கொழுந்துக் கூடையை இறக்கிய கையால் அவள் தண்ணீர்க் குடத்தையும் தம்பியையும் தூக்கவேண்டியிருந்தது. ஆக, அணியின் வயதையே தோட்டம் தனக்கென எடுத்துக்கொண்டது. திறமை இன்மையால் அணி இல்லாமற் போகவில்லை. இளமை இன்மையால் இல்லாமற் போயிற்று. அறுபதுகளில் உதவிபெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோதும் தோட்டப் பள்ளிகள் ஒதுக்கப்பட்டன. எழுபதுகளின் பிற்பகுதி முதலே அவை பரவலாக அரசின் கைக்கு வந்தன. இடையில், 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. ஓர் அணி நிலைப்பதற்கு அடுத்த ஆண்டும் அதே ஊரில் இருப்போம் என்ற உறுதியேனும் வேண்டும். அவ்வுறுதியையே இழந்த ஒரு மக்களிடம், 'உங்கள் பருவங்களின் வரலாறு எங்கே?' என்று கேட்பது எத்தகைய கொடுமை!

அவ்வாறாயின், ஒடுக்கப்பட்ட மக்களுக்கு ஒரு கல்லூரியும் ஒரு திடலும் ஓர் அணியும் கிடைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? விளையாட்டையே விடுதலையாகக் கருதிவிடும் மயக்கத்தைத் தவிர்ப்பதற்கு, கடல்கடந்த எடுத்துக்காட்டொன்றை இங்கு ஆராய்வது பயன்தரும். 1879ஆம் ஆண்டு, கொழும்பில் ஆங்கிலேயர் றக்பி தொடங்கிய அதே ஆண்டில், அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் கார்லைல் இந்தியத் தொழிற்பாடசாலை நிறுவப்பட்டது. அந்நாட்டுப் பழங்குடிகளின் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து, கூந்தலைக் கத்தரித்து, தாய்மொழியைத் தடுத்து, பெயரையும் மாற்றி 'நாகரிகப்படுத்துவது' அதன் நோக்கம். அச்சிறு பாடசாலையில் அமெரிக்க உதைபந்தாட்ட அணியொன்று தோன்றிற்று. பெயரளவில் உதைபந்தாயினும் கையால் பந்தேந்தி ஓடும் அவ்வாட்டம் றக்பிக்கே நெருங்கியது. எதிரணியினரைவிட உடற்பருமனில் குறைந்த கார்லைல் இளைஞர், வேகத்தாலும் சூழ்ச்சித் திறத்தாலும் அவ்வாட்டத்தின் இலக்கணத்தையே மாற்றினர். 1906இல் முன்னோக்கிப் பந்தெறிவது சட்டமானபோது அதன் ஆற்றலை முதலில் உணர்ந்து பயன்படுத்தியவர்களுள் அவர்கள் முக்கியமானவர்கள். 1911இல் ஹார்வார்டை 18க்கு 15 என வென்றனர்.

அவர்களது 1912ஆம் ஆண்டுப் பருவம் வியக்கத்தக்கது. பன்னிரண்டு வெற்றி, ஒரு தோல்வி, ஒரு சமநிலை. அவ்வாண்டு நவம்பர் 9ஆம் நாள் வெஸ்ட் பாயிண்டில் அமெரிக்கத் தரைப்படைக் கல்லூரியின் அணியை 27க்கு 6 என்ற கணக்கில் வீழ்த்தினர். பிற்காலத்தில் நாட்டின் சனாதிபதியான ஐசன்ஹோவர் அன்று தோற்ற அணியில் ஆடியவர். பழங்குடியினரின் ஆயுத எதிர்ப்புக்கு முற்றுப்புள்ளி வைத்த வூண்டட் நீ படுகொலை நிகழ்ந்து இருபத்திரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. அப்படையின் வருங்கால அதிகாரிகளை அம்மக்களின் பிள்ளைகள் சமதரையில், சம விதிகளின்கீழ், சம எண்ணிக்கையில் சந்தித்தபோது விளைந்த முடிவு அது. ஆட்டத்தின் பெருமை இதில்தான் இருக்கிறது. விதிகள் இருசாராருக்கும் ஒன்றாயிருக்கும் ஒரு மணிநேரத்தில், சமூகம் மறைத்து வைத்திருந்த உண்மையொன்று வெளிப்பட்டுவிடுகிறது.

ஆனால் ஆட்டத்தின் எல்லையும் அங்கேயே தெரிகிறது. அணியின் ஒப்பற்ற வீரரான ஜிம் தோர்ப் அதே 1912இல் ஸ்டொக்ஹோம் ஒலிம்பிக்கில் இரு தங்கப் பதக்கங்கள் வென்றார். முன்னர்ச் சிறு ஊதியத்துக்குப் பேஸ்போல் ஆடியவர் என்ற காரணத்தால் 1913இல் அவை பறிக்கப்பட்டன. அவர் 1953இல் இறந்தார். பதக்கங்களின் நகல்கள் 1983இல் குடும்பத்தாருக்கு வழங்கப்பட்டன. தனி வெற்றியாளர் என்ற நிலை 2022இல்தான் மீண்டது. பாடசாலையின் விளையாட்டு வருமானம் எவ்வாறு கையாளப்பட்டது என்பதையும் உள்ளடக்கி 1914இல் காங்கிரஸ் விசாரணை நடத்திற்று. 1918இல் பாடசாலை மூடப்பட்டது. வெற்றிப் பருவம் பிள்ளைகளுக்குத் தாய்மொழியையோ பறிபோன நிலத்தையோ மீட்டுத் தரவில்லை. ஆட்டம் ஆற்றலை நிரூபிக்கும், உரிமையை வழங்காது. இவ்வேறுபாட்டை மறந்தவர், ஒரு கிண்ணத்தைக் கண்டு சமூகமே எழுந்துவிட்டதாகப் பாடுவர்.

கலையும் இவ்விடத்தில் தவறிழைக்கக் காண்கிறோம். 1951இல் வெளிவந்த அமெரிக்கத் திரைப்படம் ஜிம் தோர்ப்பின் வாழ்வைச் சொல்லிற்று. அவராக நடித்தவர் பேர்ட் லங்காஸ்டர் என்ற வெள்ளையர். நம் பக்கத்திலே, எம். எஸ். ஸ்ரீபதி இயக்கிய '800' என்ற தமிழ்ப்படம் 2023இல் வெளியாயிற்று. முத்தையா முரளிதரனின் பாட்டனார் 1920இல் தமிழகத்திலிருந்து மலைநாட்டுத் தோட்டத்துக்கு வந்தவர். அப்பரம்பரையில் தோன்றியவர் டெஸ்ட் ஆட்டங்களில் 800 விக்கெட்டுகளை வீழ்த்தியது உலகறிந்த சாதனை. இவ்விரு படங்களையும் ஒருங்குவைத்து நோக்கும்போது ஒரு பொதுப் பண்பு புலப்படும். வாழ்க்கை வரலாற்றுப் படம் என்ற வடிவமே தனிமனிதனைத்தான் தேடுகிறது. தலைப்பிலே தனியொருவனின் பெயரோ எண்ணோ நிற்கும். அணி பின்திரையாகிவிடும், அணியை ஈன்ற மக்கள் முன்னுரையாகிவிடுவர். ஆயிரம் பேரில் ஒருவன் தப்பி மேலேறிய கதை நமக்கு ஊக்கம் தருவதுதான். ஆனால் எஞ்சிய தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது பேர் ஏன் ஏறவில்லை என்று அக்கதை கேட்பதில்லை. முரளிதரன் லயத்திலே வளர்ந்தவரல்லர். கண்டியில் வணிகக் குடும்பத்தில் பிறந்து, புனித அந்தோனியார் கல்லூரியின் திடலிலே உருவானவர். திடல் உள்ள கல்லூரி கிடைத்தது என்பதே அச்சாதனையின் முதல் நிபந்தனை. மேதைமையைப் புகழும்போது இந்நிபந்தனையை விழுங்கிவிடுவது திறனாய்வாகாது.

தனிமனிதனையும் சமூகத்தையும் பிரிக்காமல் விளையாட்டைப் பற்றி எழுதவியலும் என்பதற்குச் சான்று, திரினிடாட்டின் மார்க்சியச் சிந்தனையாளர் சி. எல். ஆர். ஜேம்ஸ் 1963இல் வெளியிட்ட கிரிக்கெட் பற்றிய நூல். தோலின் நிறச்சாயலுக்கேற்பக் கழகங்கள் பிரிந்திருந்த ஊரிலே, எந்தக் கழகத்திற் சேர்வது என்ற தனது இளமைக்காலத் தெரிவையே அவர் வர்க்க ஆய்வாக்கினார். நம் கொழும்பிலும் சிங்களவர்க்கொன்று, தமிழர்க்கொன்று, சோனகர்க்கொன்று, பறங்கியர்க்கொன்று எனக் கழகங்கள் எழுந்தன. 1899இல் தோன்றிய தமிழ் யூனியன் கழகத்தின் பெயரிலே 'தமிழ்' இருந்தது. பதுளைத் தோட்டத்து லயத்திலிருந்த தமிழனுக்கு அக்கழகத்தின் வாயில் எவ்வளவு தூரம் என்பதை அளந்து எழுதத்தக்க நூல் நம்மிடம் இன்னும் தோன்றவில்லை.

மலையக இலக்கியத்துக்கு வருவோம். அதன் சாதனை பெரிது. ஊவா மண்ணில் 1934இல் பிறந்து 2022இல் மறைந்த தெளிவத்தை ஜோசப், தோட்ட வாழ்வின் நுட்பங்களை உள்ளிருந்தே எழுதியவர். அவருடைய 'மீன்கள்' என்ற சிறுகதை, ஒற்றை அறை லயத்திலே வளர்ந்த பிள்ளைகளோடு வாழநேரும் குடும்பத்தின் நெருக்கடியைப் பொருளாகக் கொண்டது. இடமின்மை என்பது வெறும் வசதிக்குறைவன்று, மனிதமானத்தின் மீதான தாக்குதல் என்பதை அக்கதை போல் உணர்த்தியவை சிலவே. கணவனுக்கும் மனைவிக்குமே இடமில்லாத ஓரிடத்தில் ஆட்டத்துக்கு எங்கே இடம்? அவ்வகையில், திடலைப் பற்றி ஒரு சொல்லும் பேசாமலே திடலின்மையைப் பேசுகிற கதை அது.

என். எஸ். எம். ராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' வேறொரு திசையைக் காட்டுகிறது. கொழுந்தெடுப்பதில் ஓர் இளம்பெண்ணின் அசாதாரணத் திறமை ஐயத்துக்குள்ளாவதும், அவள் அதனை நிலைநாட்டுவதுமே கதையின் உயிர். இக்கதையைத் தோட்டத்துக் காதற்கதை என்றும் உழைப்பின் கதை என்றும் பாராட்டியுள்ளோம். அதனை ஆட்டத்தின் கதையாகவும் வாசிக்கலாம். களம் உண்டு, அளவு உண்டு, போட்டியாளர் உளர், தீர்ப்பளிக்க நிறுவைத் தராசு உண்டு, ஐயமும் உண்டு, நிரூபணமும் உண்டு. 1995 டிசம்பரில் மெல்போர்னில் முரளிதரனின் பந்துவீச்சு முறையற்றதென நடுவர் அறிவித்ததையும், 1996இல் ஆய்வுகூடத்தில் அவரது முழங்கை அளக்கப்பட்டதையும், 2004இல் கைக்குப் பட்டை பூட்டிக்கொண்டு ஒளிப்படக்கருவி முன்னே அவர் வீசிக்காட்ட நேர்ந்ததையும் இதன் அருகே வைத்துப் பாருங்கள். மலைநாட்டுத் தமிழரின் திறமை எல்லைமீறித் தோன்றும்போதெல்லாம் அதனைக் களவென ஐயுறுவதும், இருமுறை நிரூபிக்கச் சொல்வதும் கற்பனைக்குள்ளும் வெளியிலும் ஒன்றுபோலவே நிகழ்கின்றன. ராமையா இதனை முரளிதரன் பிறப்பதற்கு முன்னரே கண்டுகொண்டார். துயரை எழுதியவர் பலர். திறமையை எழுதியவர் சிலர். அச்சிலருள் அவர் முன்நிற்கிறார்.

இவ்விடத்தில்தான் நமது குறையை எடுத்துரைக்க வேண்டியுள்ளது. ராமையா திறந்துவைத்த அவ்வழியே பின்வந்தோர் போதிய அளவு நடக்கவில்லை. பிரட்டுக்களமும் லயமும் கங்காணியும் அட்டையும் பனியும் நம் கதைகளில் மீளமீள வருகின்றன. அவை உண்மைகளே. எனினும், உடல் வருந்துவதை மட்டும் எழுதிக்கொண்டிருந்தால் வாசகன் இரங்குவானேயன்றி மதிக்கமாட்டான். இரக்கம் மேலிருந்து கீழ்நோக்கி வருவது. மதிப்பு நேர்நோக்கில் பிறப்பது. தொழிலாளியைத் துயரின் உருவாக மட்டும் காட்டும் எழுத்து, நல்லெண்ணத்தோடேயே அவனைச் செக்ரோலின் பேராகச் சுருக்கிவிடக்கூடும்.

தோட்ட மக்களிடம் அணியும் பயிற்சியும் பருவமும் என்றுமே இருந்ததில்லை என்று கருதுவது பெருந்தவறு. மாசி மாதத்து அமாவாசைக்குப் பின் கம்பம் ஊன்றித் தொடங்கும் காமன் கூத்தை நோக்குக. பகலெல்லாம் மலையிலே வேலை செய்த இளைஞர், இரவிலே வாத்தியாரின் கீழ் அடவு பழகி, வேடம் பங்கிட்டு, ஊரறியக் களத்தில் இறங்குகின்றனர். நேரம் இரவிடமிருந்து பறித்தது. நிலம் கோயில் முன்றிலிலும் லயத்து வாசலிலும் கண்டெடுத்தது. ரதியாக ஆடியவன் யார், மதனாக ஆடியவன் யார் என்ற பேர் மக்களின் நாவிலே பதிந்தது. மேலே கூறிய மூன்று நிபந்தனைகளையும் செடியின் நாட்காட்டியிலிருந்து மக்கள் தாமே வெட்டியெடுத்த பருவம் அதுவன்றி வேறென்ன? கூத்தைச் சமயச் சடங்கென்றோ நாட்டார் கலையென்றோ பிரித்துவைத்துப் பார்க்கும் நமது ஆய்வுகள், அது கூட்டுப் பயிற்சியின் பள்ளிக்கூடம் என்பதையும் கருத்திற் கொள்ள வேண்டும்.

அப்பயிற்சியின் பயன் ஆட்டக்களத்தோடு நின்றுவிடுவதில்லை. 1940ஆம் ஆண்டு மலைநாடெங்கும் வேலைநிறுத்தங்கள் பரவியபோது, பதுளைக்கு அருகே வேவஸ்ஸ தோட்டத்துத் தொழிலாளர் தம்முள்ளிருந்து ஒரு குழுவைத் தெரிந்தெடுத்துத் துரையோடு சமதரையில் நின்று பேசினர். தோட்டத் தொழிலாளர் வரலாற்றில் அது ஓர் அரிய அத்தியாயம். தலைவனைத் தெரிவது, சொல்லுக்குக் கட்டுப்படுவது, அருகில் நிற்பவன் விலகமாட்டான் என நம்புவது ஆகிய பண்புகள் ஒரே நாளிற் பிறப்பனவல்ல. கூத்துக் களமே வேலைநிறுத்தத்தைத் தோற்றுவித்தது என்று எளிமைப்படுத்துவது நம் நோக்கமன்று. கூடி நிற்கப் பழகும் களங்கள் ஒரு சமூகத்துக்கு எத்துணை இன்றியமையாதவை என்பதே நாம் வற்புறுத்துவது. விளையாட்டு போராட்ட உணர்வை மழுங்கடிக்கும் என்று அஞ்சுவோர்க்கும் இதுவே விடை. நிர்வாகம் பரிசளிக்கும் பந்து மழுங்கடிக்கலாம். மக்கள் தாமே அமைக்கும் அணி அவ்வாறு செய்யாது.

இன்று நிலைமை முழுவதும் பழையபடியே இல்லை. தோட்டத்துப் பிள்ளைகள் பதுளை, பண்டாரவளை, அப்புத்தளை நகரங்களின் பாடசாலைகளில் உயர்வகுப்பு வரை கற்கின்றனர். 2005இல் பதுளையில் தொடங்கிய ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் போன்ற உயர்கல்வி நிலையங்களையும் எட்டுகின்றனர். இந்திய மரபினர்க்கான 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின் குடியுரிமைச் சிக்கலும் பெரும்பாலும் தீர்ந்தது. அடுத்த ஆண்டும் இதே ஊரில் இருப்போம் என்ற உறுதி முதன்முறையாக ஒரு தலைமுறைக்கு வாய்த்துள்ளது. மலையக மக்கள் வருகையின் இருநூறாம் ஆண்டென 2023இல் நினைவுகூர்ந்தபோது, உழைப்பின் வரலாறும் இழப்பின் வரலாறும் விரிவாகப் பேசப்பட்டன. ஆட்டத்தின் வரலாறும் அவற்றோடு சேர்த்து எழுதப்பட வேண்டியது.

அதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. தோட்டத்துப் பாடசாலை ஒவ்வொன்றும் தன் அணியின் ஆட்டங்களை நாளும் புள்ளியும் பேரும் இட்டு ஓர் ஏட்டிற் பதிந்துவரலாம். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் தோட்டங்களிடையே நடந்த பந்தாட்டங்களை நினைவில் வைத்திருக்கும் முதியோரிடம் இளைய எழுத்தாளர் சென்று கேட்டு எழுதலாம். பெண்பிள்ளைகளின் வலைப்பந்து அணியும் அவ்வேட்டிலே சமமாக இடம்பெற வேண்டும். பாடசாலைக்குத் திடல் கேட்பது கரும்பலகை கேட்பதைப் போன்றதே என்பதை ஆசிரியர் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் தம் கோரிக்கைகளிற் சேர்க்கலாம். எழுத்தாளர் செய்யவேண்டியது இன்னுமொன்றுண்டு. வென்ற ஒருவனைத் தேடிச் செல்வதை விட்டு, மூன்று ஆட்டங்களில் தோற்று ஒன்றில் வென்ற ஏதோவொரு தோட்டத்து அணியின் பதினொரு பேரையும் ஒரு கதைக்குள் கொண்டுவர வேண்டும். அப்பதினொருவரின் பேரும் கூலிக்காக அல்லாமல் விழும் அன்று, மலையக இலக்கியம் தன் மக்களின் இன்னொரு பாதியையும் எழுதத் தொடங்கிவிட்டது எனலாம்.